ஜேமி ஆலிவர் விழுந்தபோது கூட விழுந்தவர்கள்: கேட்டரிங் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

இந்த ஆண்டு கேட்டரிங் படிப்பை முடித்து வேலைக்குப் போகும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். என்னிடம் படித்தவர்களுக்கு நான் ‘ஃபுட் காஸ்ட்’ சார். மற்றவர்கள் என்னை, சமையல் கல்லூரியில் அடுப்புப் பக்கமே போகாமல் காலம் தள்ளிய ஒரு கணக்கு வாத்தியார் என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆண்டு மலரைப் படித்தேன். படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. நடுப்பக்கத்தில் ஜேமி ஆலிவரைப் பற்றி ஒரு கட்டுரை. படிப்பு வராத பையன், உலகப் புகழ், உணவகங்கள் மூடல், மறுபடி எழுச்சி. தகவல்கள் சரியாக இருக்கின்றன, எழுதியவருக்கு நல்ல தமிழும் இருக்கிறது. ஆனால் நான்கு பக்கக் கட்டுரையில் ஜேமி ஆலிவரைத் தவிர இன்னொரு ஆளைக் காணோம். அவர் சமைக்கிறார், ஜெயிக்கிறார், தோற்கிறார், எழுகிறார். அத்தனை கிளைகளிலும் வெங்காயம் நறுக்கியது யார், பாத்திரம் துலக்கியது யார், கடை மூடிய மறுநாள் அவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு வரி இல்லை. உங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வேலைக்குப் போகப் போவது அந்தப் பெயர் தெரியாத ஆட்களின் இடத்துக்குத்தான். அதனால் அதே கதையைக் கல்லாப் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் பகுதி உங்களுக்கு ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் கிளேவரிங் என்றொரு கிராமம். அங்கே அப்பாவும் அம்மாவும் நடத்திய ‘தி கிரிக்கெட்டர்ஸ்’ என்ற பப். 1975இல் பிறந்த ஜேமி, சின்ன வயதிலேயே அந்தச் சமையலறையில் எடுபிடி வேலை பார்த்து வளர்ந்தவர். டிஸ்லெக்சியா இருந்ததால் எழுத்துக் கூட்டிப் படிப்பது பெரும்பாடு. 16 வயதில் பள்ளியை விட்டு வந்தபோது கையில் இரண்டே இரண்டு பாடங்களின் தேர்ச்சிச் சான்று. ஒரு நாவலை அவர் முதன்முதலாக முழுதாகப் படித்து முடித்தது 38 வயதில். அதற்குள் அவர் பெயரில் ஒரு டஜனுக்கு மேல் சமையல் புத்தகங்கள் வந்துவிட்டன. ‘வேறு சீட் கிடைக்கவில்லை, அதனால் கேட்டரிங்’ என்று சொந்தக்காரர்கள் முன்னால் கூசிக்கொண்டு வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு இதைப் படித்தால் தெம்பு வரத்தான் செய்யும். வரட்டும்.

ஆனால் கட்டுரை விட்டுவிட்ட ஒன்று உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் கேட்டரிங் கல்லூரியில் படித்துவிட்டு, லண்டனில் அந்தோனியோ கார்லூச்சியோவின் ‘நீல் ஸ்ட்ரீட்’ உணவகத்தில் பேஸ்ட்ரி பகுதியில் வேலை பார்த்தார். அங்கேதான் ஜென்னாரோ கொண்டால்டோ என்ற இத்தாலியர் அவருக்கு ரொட்டியும் பாஸ்தாவும் கற்றுக்கொடுத்தார். அடுத்து, ரோஸ் கிரே, ரூத் ரோஜர்ஸ் என்ற இரண்டு பெண்கள் 1987இல் தேம்ஸ் கரையில் தொடங்கிய ‘ரிவர் கஃபே’. 1997இல் பி.பி.சி.யின் கேமரா அங்கே வந்தது அந்தப் பெண்களைப் படம் பிடிக்க. ஓரத்தில் துறுதுறுவென்று வேலை பார்த்த பையன் படத்தில் விழுந்தான். 1999இல் ‘தி நேக்கட் செஃப்’ தொடர். மறு ஆண்டே சென்ஸ்பரிஸ் சூப்பர்மார்க்கெட்டின் விளம்பர முகம். அந்த ஒப்பந்தம் 11 ஆண்டுகள் ஓடியது. உழைப்பு இருந்தது, திறமை இருந்தது. கற்றுக்கொடுக்க மூன்று நல்ல ஆசான்களும், தற்செயலாகத் திரும்பிய ஒரு கேமராவும் இருந்தன என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

2002இல் லண்டனில் ‘ஃபிஃப்டீன்’ என்ற உணவகம் திறந்தார். வேலையும் வாய்ப்பும் கிடைக்காத 15 இளைஞர்களை எடுத்து, ஓராண்டு பயிற்சி கொடுத்து, அவர்களை வைத்தே நடத்துவது திட்டம். பயிற்சிக்கு வராமல் நின்றவர்கள், சண்டை போட்டவர்கள், பாதியில் ஓடியவர்கள் எல்லாம் தொலைக்காட்சியில் வந்தது. அந்தக் கடையை நான் மதிக்கிறேன். பின்னால் அதற்கு என்ன ஆனது என்பதை அதனால்தான் திரும்பவும் எடுக்கப் போகிறேன்.

2005இல் வந்த பள்ளி உணவுத் தொடரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு பத்திதான் இருக்கிறது. எனக்கு அவர் வாழ்க்கையிலேயே முக்கியமான சறுக்கல் அதுதான். கிரீன்விச் பகுதியில் கிட்புரூக் என்ற பெரிய பள்ளி. அங்கே ஒரு பிள்ளையின் மதிய உணவுப் பொருளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 37 பென்ஸ். அந்தக் காசில் எண்ணெயில் பொரித்து அடுக்கும் உறையவைத்த பண்டங்கள்தான் கட்டுப்படியாகும். வான்கோழி இறைச்சியை அரைத்து மாவு சேர்த்துச் சுருட்டிய ‘டர்க்கி ட்விஸ்லர்’ என்ற பண்டம் அந்தத் தொடரால் ஊர் சிரித்தது. ஜேமி புதுக் காய்கறியோடு உள்ளே நுழைந்தார். முதலில் பட்ஜெட் எகிறியது. பிள்ளைகள் தட்டை அப்படியே குப்பையில் கவிழ்த்தார்கள். நோரா சாண்ட்ஸ் என்ற தலைமைச் சமையல்காரர் கேமரா முன்னாலேயே அவரைக் காய்ச்சி எடுத்தார். நோராவுக்குக் கோபம் வர நியாயம் உண்டு. உறையைப் பிரித்து அடுப்பில் வைத்த வேலை, இப்போது கழுவி, நறுக்கி, வதக்கி, கிளறும் வேலையாகிவிட்டது. சம்பளம் தரும் மணி நேரமோ அதேதான். கூடுதல் நேரம் அந்தச் சமையலறைப் பெண்களின் கையிலிருந்து போனது. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த அம்மாக்களின் பிள்ளைகள் உங்களில் உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொடர் பெரிய வெற்றி. 2 லட்சத்து 71 ஆயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவோடு ஜேமி பிரதமர் இல்லத்துக்குப் போனார், அரசு 28 கோடி பவுண்ட் ஒதுக்குவதாக அறிவித்தது. அதற்குப் பிறகுதான் அடி. உணவு மாறியதும், முதல் ஓரிரு ஆண்டுகளில் பள்ளியில் சாப்பாடு வாங்கும் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது. 2006இல் ராதரம் பக்கத்தில் ராமார்ஷ் பள்ளியின் வேலி வழியாகச் சில தாய்மார்கள் பர்கரும் சிப்ஸும் பிள்ளைகளுக்கு நீட்டினார்கள். பத்திரிகைகள் அந்தத் தாய்மார்களைக் கேலி செய்து தீர்த்தன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நேற்று வரை தின்றதை இன்றைக்கு வெளியூர் ஆள் ஒருவர் வந்து ‘குப்பை’ என்றால், எந்த ஊரில்தான் பொறுத்துக்கொள்வார்கள்? அமெரிக்காவின் ஹண்டிங்டன் ஊரில் எடுத்து 2010இல் ஒளிபரப்பான தொடரிலும் அவருக்கு இதே வரவேற்புதான். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகம் பள்ளிகளுக்குள் படம் பிடிக்கத் தடை போட்டது.

இந்தச் சறுக்கலில் அவருக்கு நட்டம் மானம் மட்டும்தான். அதை அவர் தாங்கினார், விடாமல் பேசினார், பின்னாளில் பிரிட்டனில் குளிர்பானச் சர்க்கரை வரிக்கும் குரல் கொடுத்தார். 2018இல் அந்த வரி வந்தது. சறுக்கியவர் எழுந்தார் என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தப் பகுதிக்குப் பொருந்தும். அடுத்த பகுதிக்கு அதே வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டீர்கள்.

2008இல் ஆக்ஸ்ஃபோர்டில் ‘ஜேமிஸ் இட்டாலியன்’ முதல் கடை திறந்தது. கூட்டாளி, பாஸ்தா கற்றுக்கொடுத்த அதே ஜென்னாரோ. பொருளாதார நெருக்கடி தொடங்கிய நேரம். பெரிய உணவகத்துக்குப் போகக் காசில்லாதவர்களுக்கு, நடுத்தர விலையில், கடையிலேயே பிசைந்த பாஸ்தா. வாசலில் வரிசை நின்றது. சில ஆண்டுகளில் பிரிட்டனில் மட்டும் 40 கடைகளைத் தாண்டியது. எல்லாம் நகரத்தின் நடுவில், பெரிய பெரிய இடங்கள். மான்செஸ்டர் கடை ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் இருந்தது. அதைக் கட்டியவர், நம் புது டெல்லியைக் கட்டிய லட்யன்ஸ். அந்த மண்டபத்தில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டால்கூட ருசிக்கும், சந்தேகமில்லை. ஆனால் கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கூரையைப் பார்த்ததும் வாடகைதான் கண்ணுக்குத் தெரியும்.

கூடவே வேறு கடைகளும். சமையல் வகுப்பும் பாத்திரக் கடையும் சேர்ந்த ‘ரெசிபீஸ்’, இறைச்சிக்கு ‘பார்பகோவா’, பிரிட்டிஷ் உணவுக்கு ‘யூனியன் ஜாக்ஸ்’. ஒவ்வொன்றுக்கும் தனி மெனு, தனிக் கொள்முதல், தனிப் பயிற்சி. ரெசிபீஸ் 2015இல் முடிந்தது. யூனியன் ஜாக்ஸ் 2017இல். அதே ஆண்டு தொடக்கத்தில் ஜேமிஸ் இட்டாலியனில் ஆறு கடைகள் மூடப்பட்டன. ஆண்டு முடிவதற்குள் அவர் நடத்திய இதழும் நின்றது.

ஏன் என்பதற்கு நாம் கரும்பலகையில் போட்ட கணக்கையே போடுகிறேன். ஒரு கடை மாதம் 10 லட்சம் ரூபாய் விற்கிறது. பொருளுக்கு 3 லட்சம், சம்பளத்துக்கு 3 லட்சம், வாடகைக்கு ஒன்றரை, மின்சாரம், கேஸ், பராமரிப்பு, வரி எல்லாம் சேர்ந்து ஒன்றரை. மிச்சம் 1 லட்சம். இப்போது விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைகிறது. 9 லட்சம்தான். பொருள் செலவு 2 லட்சத்து 70 ஆயிரமாக இறங்கும். மற்றதெல்லாம் ஒரு ரூபாய் குறையாது. மிச்சம் 30 ஆயிரம். கூட்டம் குறைந்தது பத்து சதவீதம், லாபம் குறைந்தது எழுபது சதவீதம். இன்னும் 50 ஆயிரம் குறைந்தால் கையிலிருந்து போட வேண்டும். தேர்வில் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் பலர். இதன் பொருள் என்ன என்று கேட்ட கடைசிக் கேள்வியை மட்டும் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டீர்கள். பொருள் இதுதான்: காலியாகக் கிடக்கும் மேசையும் வாடகை கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். உணவகம் சாகும்போது பாதிக்கு மேல் ஆள் உட்கார்ந்துதான் இருப்பார்கள்.

இனி அதை 40 கடைக்குப் பெருக்குங்கள். பிரிட்டனில் அப்போது நீண்ட காலக் குத்தகைகளில் வாடகை மறுநிர்ணயம் பெரும்பாலும் மேல்நோக்கி மட்டுமே நடந்தது. வியாபாரம் படுத்தாலும் இறங்கவில்லை. 2016 ஏப்ரலில், 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 பவுண்ட் 20 பென்ஸாக உயர்ந்தது. உழைப்பவருக்கு அது வரவேண்டிய காசுதான், ஆனால் செலவுப் பக்கத்தில் ஏறும். அந்த ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் வாக்கெடுப்பு. பவுண்ட் மதிப்பு சரிந்தது, இத்தாலியிலிருந்து வரும் எண்ணெயும் பாலாடைக்கட்டியும் தக்காளியும் விலை ஏறின. 2017இல் கடைகளுக்கான உள்ளாட்சி வரி மறுமதிப்பீடு. நகர நடுவில் இருந்தவர்களுக்குப் பல இடங்களில் கூடியது. இதற்கிடையில் அதே தெருவில் அதே மாதிரி பத்துக் கடை முளைத்துவிட்டது. வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவரும் செயலிகளும் வந்துவிட்டன. சலுகைக் கூப்பன் இல்லாமல் செவ்வாய்க்கிழமை ஆள் வராத நிலை.

பெயர் என்ன செய்தது? பெயர் முதல் தடவை ஆளைக் கூட்டி வந்தது. தொலைக்காட்சியில் பார்த்த மனிதர் சமைத்திருப்பார் என்ற நினைப்போடு உட்கார்ந்தவர் முன்னால், ஷிஃப்ட்டுக்கு ஆள் குறைந்த சமையலறையிலிருந்து ஒரு பாஸ்தா வந்தது. அது மோசமாகக்கூட இருந்திருக்காது. ஆனால் பெயரில்லாத கடையில் மன்னிக்கும் குறையைப் பெயருள்ள கடையில் யாரும் மன்னிப்பதில்லை. இரண்டாம் தடவை வரவைக்க வேண்டியது கிளைச் சமையல்காரரின் கை. 40 கிளைக்கும் அப்படிக் கை தேட நேரம் கொடுக்காமல் கடை திறந்துகொண்டே போனார்கள். என் தீர்ப்பு இது. காலத்தின் கோளாறு பாதி, கடைகளின் எண்ணிக்கை பாதி. காலக் கோளாறு உண்மை என்பதற்குச் சாட்சி, 2018இல் பிரெஸ்ஸோ, பைரன் போன்ற மற்ற பிரிட்டிஷ் சங்கிலி உணவகங்களும் கிளைகளை மூடியது. ஜேமிக்கு முதலில் வேலை கொடுத்த கார்லூச்சியோ தன் பெயரில் தொடங்கிய சங்கிலியும் தப்பவில்லை. அவர் 2017 நவம்பரில் இறந்தார். மறு ஆண்டு அந்த நிறுவனம் கடன்காரர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது, 2020 மார்ச்சில் முடங்கியது.

2017ஐக் கவனியுங்கள். அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற புத்தகம் ஜேமி ஆலிவரின் ‘5 இன்கிரீடியன்ட்ஸ்’. அதே ஆண்டு செப்டம்பரில், உணவக நிறுவனத்தில் பணம் தீர்ந்துவிட்டது, இப்போதே போடாவிட்டால் அன்றே திவால் என்ற நிலை. முடிவெடுக்க இரண்டு மணி நேரம்தான் இருந்தது என்று அவரே பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். சொந்தச் சேமிப்பிலிருந்து 75 லட்சம் பவுண்ட் போட்டார். அப்புறம் இன்னும் 52 லட்சம். ஆக 1 கோடியே 27 லட்சம். ஒரே மனிதரின் ஒரு பக்கம் புத்தகக் கடையில் முதலிடம், இன்னொரு பக்கம் சம்பளம் போடக் காசில்லை. சமையல்காரரின் புகழும் சமையலறையின் உடல்நலமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆண்டு எனக்குத் தெரியவில்லை.

2018 தொடக்கத்தில் கடன்காரர்களோடு உடன்பாடு. அப்போது கடன் 7 கோடியே 15 லட்சம் பவுண்ட். 37 கடையில் 12ஐ மூடுவது, வேறு சிலவற்றுக்கு வாடகை குறைப்பது என்று முடிவு. அதுவும் ஒட்டவில்லை. 2019 மே 21, செவ்வாய்க்கிழமை. நம் ஊரில் மக்களவைத் தேர்தல் முடிவுக்கு இரண்டு நாள் முன்பு. அதனால் இங்கே அந்தச் செய்தியை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மிஞ்சியிருந்த 25 கடைகளும் கே.பி.எம்.ஜி. என்ற கணக்கியல் நிறுவனத்தின் திவால் நிர்வாகிகள் கைக்குப் போயின. 22 அன்றே மூடப்பட்டன. கேட்விக் விமான நிலையத்தில் இருந்த மூன்று மட்டும் ஓடின. சுமார் ஆயிரம் பேருக்கு வேலை போனது.

ஆயிரம் பேர். கமி என்ற இளநிலைச் சமையல்காரரிலிருந்து சூ ஷெஃப் என்ற துணைத் தலைமைச் சமையல்காரர் வரை, பரிமாறியவர்கள், பாத்திரம் துலக்கியவர்கள், மேலாளர்கள். முதல் நாள் ராத்திரி மறுநாளுக்கான சாஸைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தேதிச் சீட்டு ஒட்டி, குளிர் அறையில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சமையலறையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சீட்டின் அருமை தெரியும்.

இப்போது பண வரிசையைப் பாருங்கள். பிரிட்டிஷ் சட்டப்படி, சொத்தை ஈடாகப் பிடித்துவைத்திருக்கும் வங்கி பெரும்பாலும் முன்னால் நிற்கும். ஈடில்லாமல் கடனுக்குக் காய்கறி, மீன், சலவைத் துணி கொடுத்தவர்கள் கடைசியில். மொத்தக் கடன் 8 கோடி பவுண்டைத் தாண்டியதாகக் கணக்கு வந்தது. கடைசி வரிசையில் நின்றவர்கள் கையில் சேர்ந்தது சொற்பம். ஊழியருக்கு அரசு நிதியிலிருந்து ஓரளவு கிடைக்கும். நின்றுபோன சம்பளத்தில் ஒரு பகுதி, ஓர் உச்சவரம்புக்குள். வேலையிழப்புத் தொகை வேண்டுமென்றால் இரண்டு ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். உணவகத் தொழிலில் இரண்டு ஆண்டு ஒரே இடத்தில் நிற்பவர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

ஃபிஃப்டீனும் அன்றைக்கே மூடியது. வேலையில்லாதவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கத் திறந்த இடம், வேலையிழந்தவர்கள் பட்டியலில் சேர்ந்தது. கார்ன்வாலில் கடற்கரையோரம் தனியாக நடந்துவந்த அதன் இன்னொரு கிளை அந்த டிசம்பர் வரை தாக்குப்பிடித்தது. பாஸ்தா சங்கிலி போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஃபிஃப்டீன் போனதில் உண்டு. நல்ல நோக்கத்தில் தொடங்கியதை, லாபத்துக்குத் தொடங்கியதோடு ஒரே கணக்கில் கட்டிவைத்ததன் விளைவு அது.

ஜேமியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம் அது. சட்டப்படி அவர் சொந்தப் பணம் ஒரு பவுண்ட்கூடப் போட்டிருக்க வேண்டியதில்லை. போட்டார், அதற்குப் பிறகும் போட்டார், இழந்தார். அது பெரிய மனதுதான். ஆனால் புத்தகம், தொலைக்காட்சி, பெயரை வாடகைக்கு விடும் உரிமம் எல்லாம் வேறு நிறுவனங்களில் பத்திரமாக இருந்தன. வெளிநாட்டில் உரிமம் வாங்கி நடத்தியவர்களின் கடைகள் பல இடங்களில் தொடர்ந்தன. அவர் விழுந்த இடத்தில் வைக்கோல் போர் இருந்தது. மற்ற ஆயிரம் பேர் விழுந்தது தரையில். 2023 நவம்பரில் லண்டன் கோவென்ட் கார்டனில், கேத்தரின் ஸ்ட்ரீட்டில், ஒரே ஒரு புதிய உணவகம் திறந்தார். மலர்க் கட்டுரை இதைத்தான் எழுச்சி என்று கொண்டாடுகிறது. கொண்டாடலாம். அந்த ஆயிரத்தில் எத்தனை பேருக்கு அந்தச் சமையலறையில் இடம் கிடைத்தது என்று கேட்கவும் செய்யலாம்.

பெரிய சமையல்காரர்களின் வாழ்க்கைக் கதையில் கணக்குப் புத்தகம் காணாமல் போவது புதிதல்ல. முதல் செமஸ்டரில் ‘கிச்சன் பிரிகேட்’ பாடத்தில் எஸ்கோஃபியரைப் படித்தீர்கள். சூப்பிலிருந்து இனிப்பு வரை யார் எந்த வேலை என்று சமையலறையை ஒழுங்குபடுத்தியவர், 1903இல் வந்த அவர் புத்தகம் இன்றைக்கும் ஆதாரம். லண்டன் சவாய் ஹோட்டலிலிருந்து 1898இல் அவரும் மேலாளர் சேசர் ரிட்ஸும் வெளியேற்றப்பட்டார்கள் என்பது பாடத்தில் இல்லை. பொருள் சப்ளை செய்தவர்களிடம் கமிஷன் வாங்கியதாக எஸ்கோஃபியர் பின்னர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதம் பல பத்தாண்டுகள் வெளியே வரவேயில்லை. இருவரும் அடுத்தடுத்து பாரீஸ் ரிட்ஸ், லண்டன் கார்ல்டன் என்று உச்சிக்குப் போனார்கள். கமிஷன் கொடுத்துவிட்டு அதை ஈடுகட்ட எடையைக் குறைத்த கடைக்காரனும், குறைந்த சரக்கில் நிறைந்த தட்டு போடச் சொல்லித் திட்டு வாங்கிய சமையல்காரனும் எந்தப் பாடத்திலும் வரவில்லை. இன்றைக்கும் ஸ்டோரில் பொருள் கேட்டு இண்டென்ட் சீட்டு எழுதும் இடத்தில் இது நடக்கிறது. நீங்கள் பார்ப்பீர்கள்.

எதற்கு இவ்வளவும் என்றால், உங்களில் சிலருக்குத் தொலைக்காட்சி ஆசை இருக்கிறது. ‘குக் வித் கோமாளி’ வந்த பிறகு சேர்க்கைக்கு வரும் பிள்ளைகளின் கண்ணிலேயே அது தெரிகிறது. தப்பில்லை. யாருக்காவது பெயர் வரும், வந்ததும் ஒருவர் வருவார்: ‘இடம் என்னுடையது, பணம் என்னுடையது, பெயர் மட்டும் உங்களுடையது, பத்து ஊரில் போடலாம்.’ அன்றைக்கு மெனுவைப் பற்றிப் பேசாதீர்கள். குத்தகையில் கையெழுத்து யாருடையது, வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஏறும், பூட்டும் நாளில் சம்பள பாக்கிக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். இரண்டாம் கடையைத் திறக்கும் முன், முதல் கடை ஒரு மழைக்காலச் செவ்வாய்க்கிழமை மதியம் எத்தனை பேருக்குப் பரிமாறியது என்ற எண்ணை எடுத்து வைத்துப் பாருங்கள். சனிக்கிழமை இரவுக் கூட்டத்தைப் பார்த்துக் கடை திறப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பெயர் வராத மற்றவர்களுக்கு, அதாவது பெரும்பாலான உங்களுக்கு, இன்னும் அவசரமான வேலை இருக்கிறது. முதல் வேலையில் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். ‘அதெல்லாம் அப்புறம் தம்பி, முதல்ல வந்து சேரு’ என்பார்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்துக்கு வருங்கால வைப்பு நிதி பொருந்தும். 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. வரும். சம்பளச் சீட்டில் பி.எஃப். என்று பிடித்துவிட்டுக் கணக்கில் கட்டாத முதலாளிகள் உண்டு. மாதம் ஒருமுறை கைபேசியிலேயே பாஸ்புக்கைப் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. சப்ளையருக்குப் பணம் தாமதமாகிறது, மீன்காரர் ரொக்கம் கேட்கிறார், பழுதான ஃபிரிட்ஜைச் சரிசெய்யாமல் தள்ளிப்போடுகிறார்கள், விடுப்பில் போனவர் இடத்தில் ஆள் போடுவதில்லை என்றால், அந்தக் கடையின் நிலைமை முதலாளியைவிட முதலில் சமையலறைக்குத்தான் தெரியவரும். கண்ணைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் வேறு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரிப்பது துரோகம் ஆகாது.

சூ ஷெஃப் ஆன பிறகு உங்களுக்குக் கீழே நாலு பேர் இருப்பார்கள். அவர்களின் மணி நேரத்தை எழுதிவையுங்கள். நோரா சாண்ட்ஸின் சமையலறையில் யாரும் எழுதிவைக்காமல் விட்டது அதைத்தான்.

வேலை ஒப்பந்தமோ, கூட்டு வியாபார ஒப்பந்தமோ எது வந்தாலும், கையெழுத்துப் போடும் முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கணக்குப் பகுதியை நான் படித்துச் சொல்கிறேன். சட்டப் பகுதிக்கு விவரமான வழக்கறிஞர் ஒருவரிடம் அனுப்பிவைக்கிறேன். நாடகம் போல நள்ளிரவில் ‘சார், நாளைக்குக் காலையில கையெழுத்து’ என்று மட்டும் அழைக்காதீர்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். கடை சாப்பாடு வாங்கி வர வேண்டாம், வீட்டில் ரசம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ‘ஃபுட் காஸ்ட்’ சார்